நைந்த ஆடையின் அறம்: பௌத்த வினயமும் துணி மறுசுழற்சி முறைகளும்

பயன்பாடு முடிந்த துணியை எம்முறையில் மறுசுழற்சி செய்வது சிறந்தது என்ற கேள்விக்குப் பொறியியலாளரும் சூழலியலாளரும் இன்று எண்களால் விடை தருகின்றனர். ஒரு கிலோ இழையை மீட்க எவ்வளவு நீர், எவ்வளவு மின்சாரம், எவ்வளவு வேதிப்பொருள் செலவாகிறது, எவ்வளவு கரியமிலவாயு வெளியாகிறது என்று கணக்கிட்டு அவர்கள் முறைகளை வரிசைப்படுத்துகின்றனர். அக்கணக்கு இன்றியமையாதது, ஆனால் துணி எதற்காக இருக்கிறது, அதன் முடிவு எவ்வாறு அமைய வேண்டும், அம்முடிவுக்கு யார் பொறுப்பு என்னும் கேள்விகளுக்கு அது விடை தருவதில்லை. இவை அறவியல் கேள்விகள். இவற்றுக்கு விடை காணாமல் ஒரு முறையை மேலானது என்று சொல்லவும் இயலாது. பௌத்தத் துறவியரின் ஒழுக்க விதிகளைத் தொகுத்துரைக்கும் வினயபிடகம், துணி கைக்கு வருவது முதல் துகளாகி ஒழிவது வரை அதன் வாழ்நாளை நுணுக்கமாகப் பேசும் நூல். அதை அளவுகோலாகக் கொண்டு இன்றைய முறைகளை ஒப்பிட்டால், எண்கள் காட்டாத சில வேறுபாடுகள் புலப்படுகின்றன.

தொடக்ககால பிக்குகள் பம்சுகூலம் எனப்படும் குப்பைத் துணியை உடுத்தினர். குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கடைத்தெருவிலும் எறியப்பட்டுக் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, துவைத்து, ஒட்டுப்போட்டுத் தைத்துச் சாயமேற்றிய ஆடை அது. மருத்துவர் ஜீவகர் தமக்குப் பரிசாகக் கிடைத்த உயர்ந்த துணியைப் புத்தருக்கு அளித்து, இல்லறத்தார் தரும் ஆடைகளையும் பிக்குகள் ஏற்க இசைவு வேண்டிய பிறகே புதுத்துணிக்கு வழி பிறந்தது என்று வினயபிடகத்தின் மகாவக்கப் பகுதி கூறுகிறது. அதன் பின்னும் குப்பைத் துணி உடுத்துவது விரும்பி மேற்கொள்ளும் நோன்பாக நீடித்தது. கி.பி. 5ஆம் நூற்றாண்டில் அநுராதபுரத்தில் புத்தகோசர் இயற்றிய விசுத்திமக்கம், 13 தவ நோன்புகளில் இதை முதலாவதாக வைத்து, எலி கடித்தது, மாடு மென்றது, கறையான் அரித்தது, தீயில் கருகியது, பிள்ளைப்பேற்றின்போது பயன்பட்டது என்று பொறுக்கத்தக்க துணி வகைகளை அடுக்கிச் செல்கிறது. பிறர் அருவருத்து ஒதுக்கியதை ஏற்பது ஆசையை அறுக்கும் பயிற்சி என்பதே அங்கு முதன்மைக் கருத்து. சிக்கனம் அதன் உடன்விளைவு.

மறுசுழற்சிக்கு இன்னும் நெருக்கமான உரையாடல் வினயபிடகத்தின் சுள்ளவக்கத்தில் இடம்பெறுகிறது. புத்தரின் மறைவுக்குப் பின் அவருடைய சீடர் ஆனந்தர் கோசாம்பிக்குச் சென்றபோது, கொங்குவேளிரின் பெருங்கதை வழியாகத் தமிழர் உதயணன் என்று அறிந்துள்ள மன்னன் உதேனனின் அரண்மனை மகளிர், அவரது அறவுரையைக் கேட்டு மகிழ்ந்து 500 மேலாடைகளை வழங்கினர். இத்தனை ஆடைகளை வைத்துக்கொண்டு ஒரு துறவி துணி வணிகம் செய்யப்போகிறாரா, கடை விரிக்கப்போகிறாரா என்று மன்னன் முகம் சுளித்து, நேரில் சென்று விசாரித்தான். ஆடை நைந்துபோன பிக்குகளுக்குப் பகிர்ந்தளிக்கப்படும் என்றார் ஆனந்தர். அவர்களுடைய பழைய ஆடைகள் என்னவாகும் என்று மன்னன் கேட்டான். மேல்விரிப்பாகும் என்பது விடை. விரிப்பு பழசானால் மெத்தையுறை, மெத்தையுறை பழசானால் தரைவிரிப்பு, அது பழசானால் கால் துடைக்கும் துணி, அதுவும் நைந்தால் தூசி தட்டும் துணி என்று விடைகள் படிப்படியாக இறங்கின. தூசித் துணியும் உதவாமல் போனால் அதைத் துண்டு துண்டாக்கிச் சேற்றோடு பிசைந்து தரை மெழுகுவோம் என்று ஆனந்தர் முடித்தார். மன்னனின் ஐயம் நீங்கியது. அவன் தன் பங்குக்கு மேலும் 500 துணிகளை அளித்தான்.

இவ்வுரையாடலில் விடைகளைப் போலவே கேள்வியின் அமைப்பும் கருதத்தக்கது. அது நைந்த பின் என்ன என்பதையே மன்னன் திரும்பத் திரும்பக் கேட்கிறான். துணி மண்ணோடு கலக்கும் இடத்தில்தான் கேள்வி ஓய்கிறது. இதிலிருந்து இரண்டு அளவைகள் பெறப்படும். ஒரு பயனை முற்றாகத் துய்த்த பின்னரே அடுத்த கீழ்ப்பயனுக்கு இறங்க வேண்டும் என்னும் வரிசை முதலாவது. மறுசுழற்சியில் ஒரு பொருள் தரம் குறைந்த வேறொரு பொருளாவதை இன்றைய துறையினர் இறங்குசுழற்சி என்று ஒரு குறையாகவே பேசுகின்றனர். ஆனந்தரின் அடுக்கிலோ இறங்குவது குற்றமாகாது. காலத்துக்கு முன்பே இறக்கப்படுவதுதான் குற்றம். இன்னும் உடுத்தக்கூடிய மேலாடையைக் கிழித்துக் கால்மிதியாக்குவது வீண். கடைசிக் கேள்விக்கும் விடை இருக்க வேண்டும் என்னும் நிறைவு இரண்டாவது. இடையில் எங்கேனும் விடையின்றி நின்றுவிடும் முறை, எவ்வளவு திறன் வாய்ந்ததாயினும், தன் பொறுப்பைப் பிறர் தலையில் கட்டுகிறது.

ஆனந்தரின் கடைசி விடைக்கு முதல் படியிலேயே அடித்தளம் இடப்பட்டிருந்தது. பிக்குகளின் ஆடைக்கு வினயம் இசைவு தந்த ஆளிநார், பருத்தி, பட்டு, கம்பளி, சணப்பு முதலிய ஆறு வகையும் செடியிலிருந்தோ உயிரினத்திலிருந்தோ பெறப்படுபவை. இசைவு பெற்ற சாயங்களும் வேர், தண்டு, பட்டை, இலை, பூ, கனி ஆகிய ஆறிலிருந்து வடிக்கப்பட்டவை. ஆகவே துணி சேற்றில் கலந்தபோது மண்ணுக்கு அயலான எதுவும் அதில் சேரவில்லை. துணியின் முடிவு அது நெய்யப்படும்போதே பெருமளவு முடிவாகிவிடுகிறது என்பதை இது உணர்த்துகிறது. மறுசுழற்சி முறைகளை ஒப்பிடுவோர் கழிவுக் கிடங்கிலிருந்து தொடங்குவதால் இவ்வுண்மை பெரும்பாலும் கண்ணில் படுவதில்லை.

இன்றைய முறைகளுள் இவ்வடுக்குக்கு அருகில் நிற்பது இயந்திர மறுசுழற்சி ஆகும். பொத்தானும் ஜிப்பும் நீக்கப்பட்ட துணி, முட்கள் பதித்த உருளைகளுக்கிடையே கிழிக்கப்பட்டு மீண்டும் பஞ்சு நிலையை அடைகிறது. அப்பஞ்சு சிக்கெடுக்கப்பட்டு நூலாக நூற்கப்படுகிறது. 1813இல் இங்கிலாந்தின் பேட்லி நகரில் பெஞ்சமின் லா பழைய கம்பளியைப் புதுக் கம்பளியோடு கலந்து நூற்கத் தொடங்கினார். இன்று அரியானாவின் பானிப்பட் இத்தொழிலின் பெரும் மையங்களுள் ஒன்று. மேலைநாடுகள் கழித்த கம்பளி ஆடைகள் அங்கு நிறவாரியாகப் பிரிக்கப்பட்டு, சிவப்பு சிவப்போடும் நீலம் நீலத்தோடும் சேர்த்துக் கிழிக்கப்படுவதால், நூலுக்கு மறுபடி சாயமேற்றும் தேவை பெரும்பாலும் எழுவதில்லை. சாயத்துக்கும் அலசலுக்கும் வேண்டிய நீர் மிச்சமாகிறது. பேரிடர் நிவாரணமாக வழங்கப்படும் மலிவுப் போர்வைகள் பல இவ்வாறு பிறந்தவை.

திருப்பூரின் பின்னலாடைத் தொழிலில் விழும் கட்டிங் வேஸ்ட்டும் இதே வழியில் ஓ.இ. மில்கள் எனப்படும் ஆலைகளுக்கு, அதாவது குட்டையான இழையையும் நூலாக்கவல்ல திறந்தமுனை நூற்பாலைகளுக்குச் சென்று, போர்வை, மிதியடி, கையுறை போன்றவற்றுக்கான நூலாகிறது. அங்கு மிஞ்சும் துண்டுகளுக்கும் ஒரு பயன் உண்டு. பனியன் வேஸ்ட் என்ற பெயரில் அவை மெக்கானிக் கடைகளில் எண்ணெயும் கிரீசும் துடைக்க வாங்கப்படுகின்றன. எனினும் வினயத்தின் வரிசைப்படி இதில் ஒரு குறை உள்ளது. கட்டிங் வேஸ்ட் என்பது எவரும் உடுத்தாமலே கழிந்த துணி. அடுக்கின் முதல் படியை அது மிதிக்கவே இல்லை. அதை நூலாக்குவது நன்று. வெட்டுமேசையிலேயே அதைக் குறைப்பது அதனினும் நன்று. இயந்திர முறைக்கே உரிய வேறு குறைகளும் உண்டு: ஒவ்வொரு கிழிப்பிலும் இழை குட்டையாகி வலுவிழப்பதால் புதுப் பஞ்சோ பாலியெஸ்டரோ கலக்க நேர்கிறது; கிழிக்கும் கூடங்களில் பறக்கும் பஞ்சுத் தூசு தொழிலாளரின் நுரையீரலில் படிகிறது. பானிப்பட் போர்வையின் மலிவு விலையில் இந்தச் செலவு சேர்க்கப்படுவதில்லை.

இழை குட்டையாகும் குறையை வேதி மறுசுழற்சி களைகிறது. பருத்தியின் அடிப்படைப் பொருளான செல்லுலோசைப் பிரித்தெடுத்துக் கூழாக்கி, கரைத்து, நுண்துளைகளின் வழியே பிழிந்து புது இழையாக்குவது அதன் ஒரு வகை. மரக்கூழிலிருந்து விஸ்கோஸ், லயோசெல் இழைகளைப் பெறும் அதே உத்தியில் மரத்தின் இடத்தைப் பழந்துணி பிடித்துக்கொள்கிறது. கிடைக்கும் இழை புதிதுக்கு நிகரானது. ஆனால் இம்முறை தன் மூலப்பொருளில் தூய்மையை எதிர்பார்க்கிறது. பாலியெஸ்டரோ, ஆடைக்கு நீட்சி தரும் எலாஸ்டேனோ சிறிதளவுக்கு மேல் கலந்திருந்தால் கூழ் கெடுகிறது. ஸ்வீடனின் சுண்ட்ஸ்வால் நகரில் ரினியூசெல் நிறுவனம் ஆண்டுக்கு 60,000 டன் திறனுள்ள ஆலையை 2022இல் தொடங்கியது. போதிய ஆர்டர்கள் வராததால் 2024 பிப்ரவரியில் திவாலாகி, பின்னர் வேறு உடைமையாளரின் கைக்கு மாறியது. தொழில்நுட்பம் இருந்தும் வாங்குவோர் போதிய அளவில் முன்வராததால் நேர்ந்த வீழ்ச்சி அது. முறையில் அறம் இருந்து, வாங்குபவரிடம் அது இல்லாதபோது முறை தனித்து நிற்க இயலாது.

வேதி முறையின் பின்னால் ஒரு மெய்யியல் நம்பிக்கையும் இருக்கிறது: பொருள் தேயாமல் என்றென்றும் சுழலும் மூடிய வட்டம் ஒன்றை அமைத்துவிடலாம் என்பதே அது. ருமேனியாவில் பிறந்த பொருளியலறிஞர் நிக்கோலஸ் ஜார்ஜெஸ்கு-ரோகன், இயற்பியலின் சிதறல் விதியைப் பொருளியலோடு இணைத்து 1971இல் வெளியிட்ட நூலிலும் பின்னைய எழுத்துகளிலும் இத்தகைய நம்பிக்கையை மறுத்தார். ஆற்றலைப் போலவே பொருளும் பயன்பாட்டில் சிதறுகிறது, சிதறியதை முழுமையாகத் திரட்ட இயலாது என்பது அவர் வாதம். தோன்றியவை யாவும் தேயும் என்னும் பௌத்தரின் அநித்தியக் கொள்கை வேறு நோக்கத்துக்காகச் சொல்லப்பட்டதாயினும், அது கொண்டு சேர்க்கும் இடம் இதுவே. ஆனந்தரின் அடுக்கு ஒரு வட்டமாக அமையவில்லை. அது முடிவை ஒப்புக்கொள்ளும் சரிவு. முடிவை ஒப்புக்கொண்டதால்தான் ஒவ்வொரு படியிலும் துணியை இயன்றவரை நீட்டித்து வைக்க வேண்டும் என்ற கவனம் அங்கு எழுகிறது.

பாலியெஸ்டர் இச்சரிவில் இடம்பெற இயலாத இழை. 2023இல் உலகம் உற்பத்தி செய்த ஏறத்தாழ 12.4 கோடி டன் இழையில் பாலியெஸ்டரின் பங்கு 57 விழுக்காடு. மறுசுழற்சிப் பாலியெஸ்டர் என்ற பெயரில் கடைக்கு வருவது ஏறக்குறைய முழுவதும் தண்ணீர், குளிர்பான பாட்டில்களை உருக்கி இழுத்த இழையே. பழைய ஆடையிலிருந்து புது ஆடைக்கு வருவது உலக இழைச் சந்தையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவு. பாட்டில் மீண்டும் பாட்டிலாகக்கூடிய பொருள். ஆடையானதும் அதன் அடுத்த கேள்விக்கு விடை அரிதாகிறது. இந்நிலை துறவாடையையும் தொட்டுவிட்டது. பாங்காக்கை ஒட்டிய சமுத் பிராகான் மாகாணத்தில் உள்ள வாட் சாக் டேங் என்னும் பௌத்த மடம், பிளாஸ்டிக் பாட்டில்களைச் சேகரித்து இழையாக்கச் செய்து, பருத்தியோடு கலந்து நெய்த துணியில் பிக்குகளின் ஆடையான சீவரத்தைத் தைத்து வழங்குகிறது. குப்பையிலிருந்து எடுத்ததை உடுத்துவது என்ற பொருளில் அது பம்சுகூல மரபின் நேர் வாரிசு. ஆறும் கடலும் நோக்கிச் செல்லவிருந்த பாட்டில்களை அது தடுக்கிறது என்பதும் மெய். ஆயினும் அச்சீவரம் நைந்து கால்துடைப்பமாகி, துண்டுகளாகிச் சேற்றில் கலந்தால் அங்கே எஞ்சுவது நுண்பிளாஸ்டிக். அடுக்கின் மற்ற எல்லாப் படிகளிலும் விடை தரும் அத்துணி கடைசிப் படியில் தடுமாறுகிறது. பொறுக்குவோரின் நோக்கத்தில் குறையில்லை; பொறுக்கப்படும் குப்பையின் இயல்பு மாறிவிட்டது.

பாலியெஸ்டரையும் நைலானையும் அவற்றின் மூலக்கூறுக் கண்ணிகளாகப் பிரித்து மறுபடி கோக்கும் முறையை மூலக்கூறுச் சிதைப்பு என்பர். ஸ்லோவேனியாவின் லியுப்லியானாவில் அக்வாஃபில் நிறுவனம் பழைய மீன்வலைகளையும் தரைவிரிப்புகளையும் இவ்வாறு சிதைத்து 2011 முதல் புது நைலான் நூல் எடுத்து வருகிறது. ஒரே வகை இழை மொத்தமாகக் கிடைப்பதால் அங்கு அது கைகூடுகிறது. பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணியில்தான் இடர் மிகுதி. கலப்பு நூலைக் கிழித்தாலும் இரண்டும் பிரிவதில்லை. வெந்நீர், அழுத்தம், சிறிதளவு வேதிப்பொருள் ஆகியவற்றால் பருத்தியைச் செல்லுலோசுத் தூளாகவும் பாலியெஸ்டரை இழையாகவும் பிரிக்கும் முறை ஒன்றை ஹாங்காங்கின் துணி, ஆடை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியுள்ளது. நல்ல வழி எனினும், பிரிப்பதற்கு இத்தனை பாடுபட வேண்டிய ஒன்றை முதலில் ஏன் சேர்க்க வேண்டும் என்ற கேள்வியை அது விட்டுவைக்கிறது.

பழைய ஆடையை ஆடையாகவே இன்னொருவர் உடுத்துவது எல்லா முறைகளிலும் ஆற்றல் குறைவாகச் செலவாகும் முறை. வரிசையில் அதுவே மேல்படி. ஆனால் கானாவின் தலைநகர் அக்ராவில் உள்ள காண்டமாண்டோ சந்தையில் மேலைநாட்டுப் பழந்துணிப் பொதிகள் வாரந்தோறும் வந்திறங்க, தையற்காரர் வெட்டித் தைத்து விற்றது போக எஞ்சியவை நகரின் வடிகால்களிலும் கடற்கரையிலும் சேர்கின்றன. கொடுத்தவர் தம் கடமை தீர்ந்தது என்று எண்ணும் இடத்தில் பெற்றவரின் சுமை தொடங்குகிறது. இதற்கு எதிர்த்திசையில், இந்தியாவுக்கு வரும் கம்பளிக் கந்தல் மறுபடி ஆடையாக விற்கப்பட்டு உள்நாட்டு வணிகத்தைப் பாதிக்காதிருக்க, வெட்டிக் கிழிக்கப்பட்ட நிலையிலேயே இறக்குமதியாக வேண்டும் என்பது விதி. சீவரத்தையும் வெட்டித்தான் தைக்க வேண்டும் என்கிறது வினயம். மகதத்து வயல்களின் வரப்பமைப்பைக் காட்டி, அதுபோல் துண்டுகளை இணைக்கும்படி புத்தர் கூற, ஆனந்தர் அவ்வாறு தைத்தார் என்பது வரலாறு. வெட்டுப்பட்ட துணியைப் பிறர் விரும்பிக் கவரமாட்டார் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். இரு வெட்டும் துணியின் சந்தை மதிப்பைக் குறைக்கின்றன. சீவரத்தின் வெட்டு அதன் பயனைக் காக்கிறது. துறைமுகத்து வெட்டு வணிகத்தைக் காத்துப் பயனை அழிக்கிறது.

எனினும் அரண்மனை உரையாடலின் இறுதியில் ஓர் இக்கட்டு ஒளிந்திருக்கிறது. ஆனந்தரின் சிக்கனத்தை மெச்சிய மன்னன் மேலும் 500 துணிகளைத் தந்தான். வீணாக்காமை புது வரவுக்கு வழி திறந்துவிட்டது. நீராவி இயந்திரம் நிலக்கரியைச் சிக்கனமாக எரிக்கத் தொடங்கியதும் மொத்த நிலக்கரிச் செலவு கூடியது என்று 1865இல் வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ் எடுத்துக்காட்டிய முரண் இதுவே. 2000ஆம் ஆண்டில் ஏறத்தாழ 5.8 கோடி டன்னாக இருந்த உலக இழை உற்பத்தி 2023க்குள் இரு மடங்குக்கும் மேலானது. மறுசுழற்சி பற்றிய பேச்சு மிகுந்த காலமும் அதுவே.

வினயம் இம்முரணில் சிக்காததற்குக் காரணம், அடுக்குக்கு முன்பே அது ஒரு வரம்பை நிறுவியதுதான். தலையிலும் தோளிலும் இடுப்பிலும் துணி மூட்டைகளோடு வழிநடந்த பிக்குகளைக் கண்ட புத்தர், கடுங்குளிர் இரவொன்றில் திறந்தவெளியில் அமர்ந்து, குளிர் உறைக்க உறைக்க ஒவ்வோர் ஆடையாகச் சேர்த்துப் போர்த்தி, எத்தனை போதும் என்று பார்த்து மூன்று என வரையறுத்தார் என்கிறது மகாவக்கம். கூடுதல் ஆடையைப் பத்து நாளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. மற்றொரு சீடரான சாரிபுத்தருக்கென ஆனந்தர் எடுத்துவைக்க விரும்பிய ஆடைக்கு, அவர் திரும்பிவர ஆகும் நாளைக் கேட்டு அந்தத் தவணை வகுக்கப்பட்டது. தவநோன்பு மேற்கொண்ட உற்சாகத்தில் சிலர் தம் கம்பள விரிப்புகளை ஆங்காங்கே வீசிச் சென்றதைக் கண்டு, புது இருக்கை விரிப்பில் பழைய விரிப்பின் ஒரு சாண் துண்டு கட்டாயம் சேர வேண்டும், அதை அப்படியே பதிக்கலாம் அல்லது பிரித்து இழைகளாகத் தூவலாம் என்ற விதியும் பிறந்தது. துறவின் பெயரால் எறிவதும் எறிவதே என்று அவ்விதி கண்டிக்கிறது. மறுசுழற்சி இழையின் குறைந்தபட்ச அளவைச் சட்டமாக்க நினைப்போர்க்கு இதைவிடப் பழைய முன்மாதிரி கிடைப்பது அரிது.

துறவியர் உழைத்து ஈட்டாமல் கொடையில் வாழ்பவர். அவர் விதியைக் கோடிக்கணக்கானோர் நெசவாலும் தையலாலும் பிழைக்கும் உலகுக்கு நீட்டலாமா என்ற மறுப்பு நியாயமானது. பர்மாவில் ஆலோசகராகப் பணியாற்றிய ஈ. எஃப். ஷூமாக்கர், 1966இல் எழுதிய பௌத்தப் பொருளியல் பற்றிய கட்டுரையில் இதற்கு ஒரு வழி காட்டினார். உடையின் நோக்கத்தை மிகக் குறைந்த துணி அழிவில் நிறைவேற்றுவதே அறிவுடைமை என்றும், நீடித்து உழைக்கும் துணியே நல்ல துணி என்றும் அவர் வாதிட்டார். அக்கருத்தின்படி உழைப்புக்கு இடம் குறைவதில்லை. தைப்பதிலிருந்து பழுது பார்ப்பதற்கும், பிரிப்பதற்கும், மறுபடி நெய்வதற்கும் அது இடம்பெயர்கிறது. எண்ணிக்கையைத் துறவிக்கு விதித்த மூன்றாகவே இல்லறத்தாருக்கும் விதிக்க வேண்டியதில்லை. ஆனால் ஏதோ ஓர் எண்ணிக்கை இருந்தாக வேண்டும்.

இவற்றால் பெறப்படும் முடிவு இழைக்கு இழை வேறுபடும். பருத்தி, கம்பளி, சணல் ஆகியவற்றுக்கு நீண்ட உடுப்பும், ஒட்டும், பிறகு இயந்திர மறுசுழற்சியும், இறுதியில் மண்ணுமே தக்க வழி. வேதிக்கூழ் அதற்குத் துணை நிற்கலாம். மண் ஏற்காத பாலியெஸ்டருக்கும் நைலானுக்கும் மூலக்கூறுச் சிதைப்பு ஒன்றே நேர்மையான விடை. அதைச் செய்து முடிப்பது தயாரித்தவரின் கடன், அவர் பெருமையாக விளம்பரம் செய்துகொள்ளும் சேவை ஆகாது. பிரிக்க வழியில்லாத கலப்புத் துணியைக் குறைப்பதே அதற்கான மறுசுழற்சி. எரிப்பது, வேறு எந்த விடையும் இல்லாதவற்றுக்கு மட்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜனவரி 1 முதல் துணிக்கழிவைத் தனியே சேகரிக்கக் கட்டாயமாக்கியது; விற்காத ஆடைகளைப் பெருநிறுவனங்கள் அழிப்பதற்கு 2026 ஜூலையில் தடை தொடங்குமெனச் சட்டமியற்றியது. இவை வேண்டிய சட்டங்கள். எனினும் இரண்டும் துணி கழியும் இடத்தைத் தொடுகின்றன. எவ்வளவு துணி தயாரிக்கலாம் என்பதைத் தொடவில்லை. வரம்பில்லாத உற்பத்திக்குப் பின்னால் ஓடும் எந்த மறுசுழற்சி முறையும் நிலைத்த வளர்ச்சிக்கு வழியாகாது.